துருக்கிய மேய்ச்சல் சனங்களுக்கு சிலம்பம் மாதிரி சண்டைக்கலை ஏதும் இருந்துச்சா?

வெண்ணாத்தங்கரை:
சம்பா அறுப்பு முடிஞ்சு கை சும்மா கெடக்கு, ராத்திரில தமிழ் டப்பிங்ல துருக்கி சீரியல் ஒண்ணு ஓட்டிக்கிட்டிருக்கேன். அதுல கூடாரத்துல வாழுற ஆளுங்க ரெண்டு கையிலயும் கத்தி வச்சு சுத்துறதும் எகிறி உதைக்கிறதும் பாத்தா சீனாக்காரன் படமெல்லாம் பிச்சை வாங்கணும். நெசமாவே அந்த கசாக், கிர்கிஸ், துருக்மென் சனத்துக்கெல்லாம் பரம்பரையா வந்த சண்டைக்கலை இருந்துச்சா, இல்ல சீரியல்காரன் கட்டிவிட்டதா? எங்க ஊரு (மன்னார்குடி பக்கம்) சிலம்ப வாத்தியார்கிட்ட கேட்டேன், "குதிரை மேல குந்தியிருக்கிறவனுக்கு எதுக்குடா கால்வரிசை"ன்னு ஒரே போடா போட்டுட்டு வெத்தலை மடிக்கப் போயிட்டாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கும்மோணத்தான்:
எகிறி உதைக்கிறத மறந்துடுங்க, அது ஸ்டண்ட் மாஸ்டர் வேலை. ஆனா கலை இருந்துச்சு, இப்பவும் இருக்கு, நாம தேடுற எடம்தான் தப்பு. ஒரு மடம், ஒரு குரு, மொட்டை அடிச்ச சிஷ்யப் புள்ளைங்கன்னு தேடுனா ஒண்ணும் ஆப்புடாது. அவங்களுக்கு மொதல் கலை மல்லுக்கட்டு. கசாக்ல குரெஸ், டாடர்ல கொரெஷ், உஸ்பெக்ல குராஷ், துருக்கில குரெஷ், அத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கும் ஒரே சொல்லு பரவிக் கெடக்குன்னா அது நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. குராஷ்ல இடுப்புக்குக் கீழ புடிக்கக் கூடாது, தரையில உருளவும் கூடாது, நின்னபடிக்கே தூக்கி எதிராளி முதுகு முழுசா படுற மாதிரி போட்டா ஆட்டம் குளோஸ். கிர்கிஸ்காரங்க அலிஷ்ல ஒருத்தர் கச்சையை ஒருத்தர் புடிச்சபடிதான் மோதணும், கைய விட்டா தப்பு. 2018 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல குராஷ் இருந்துச்சு, இந்தியாவுக்கு ஒரு வெள்ளி ஒரு வெண்கலம், ரெண்டும் நம்ம பொண்ணுங்க வாங்குனது. கிரிக்கெட்டா இருந்தா இந்நேரம் கட்அவுட் வச்சிருப்போம்.

நாகூர் நானா:
தம்பி நல்லா சொன்னீங்க, கூட ஒண்ணு. நாம "பயில்வான்"ங்கிறோமே, அது பாரசீக பஹ்லவான். துருக்கில மல்லனுக்கு பெஹ்லிவான், உஸ்பெக்ல போல்வோன், கசாக்ல பலுவான், எல்லாம் அதே சொல்லுதான். துருக்கில எதிர்னே ஊர்ல கிர்க்பினார்னு வருஷா வருஷம் எண்ணெய் மல்லுக்கட்டு நடக்கும், தோல் கால்சட்டை மட்டும் போட்டுக்கிட்டு உடம்பு பூரா ஆலிவ் எண்ணெயை ஊத்திக்குவாங்க, புடி வழுக்கும், அதனால எதிராளி கால்சட்டைக்குள்ளயே கையை விட்டு புடிச்சுத் தூக்குவாங்க (சிரிக்காதீங்க, அது ரூல்ல அனுமதி). 2010ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு.

ஆனா வாத்தியார் சொன்னதுலதான் சரக்கு இருக்கு. அவங்க கலையில முக்காவாசி குதிரை மேல. மங்கோலியாவுல ஓர்கோன் ஆத்துப் பக்கம் 732ல நட்ட குல் திகின் கல்வெட்டு இருக்கு, பழைய துருக்கி மொழி. அதுல அந்த இளவரசன் எந்தச் சண்டைக்கு எந்தக் குதிரையில ஏறுனான்னு கணக்கு வச்சு எழுதியிருக்கு. ஒரு வெள்ளைக் குதிரையில பாஞ்சு ஒருத்தனை அம்பால அடிச்சான், ரெண்டு பேரை ஈட்டியால குத்துனான், அந்த மோதல்ல குதிரைக்குத் தொடை எலும்பு முறிஞ்சு போச்சுன்னு வருது. குதிரை அடிபட்டதையும் கல்லுல வெட்டி வச்சிருக்கான் பாருங்க.

கொள்ளிடக்காரன்:
டாடர்காரங்களை மேய்ச்சல்காரங்க கணக்குல சேக்காதீங்க அண்ணே, ரஷ்யாவுல வோல்கா ஆத்தங்கரையில எப்பவோ உழவுக்கு வந்தவங்க. அவங்க கொரெஷ் நடக்குறதே சபான்துய் விழாவுல, சபான்னா கலப்பை, துய்னா விருந்து. நம்ம சித்திரை நல்லேர் மாதிரின்னு வச்சுக்குங்க. எதிராளி இடுப்புல துண்டை வளைச்சுப் போட்டுத் தூக்கணும், கடைசில ஜெயிச்சவனுக்கு ஒரு கிடா. ஜெயிச்சவன் அதைத் தோள்ல தூக்கிக்கிட்டு நிக்கிற போட்டோவைப் பாருங்க, பக்கத்து ஊரு மஞ்சுவிரட்டுல பரிசு வாங்குன பயலாட்டமே இருப்பான்.

அப்புறம் இப்ப ரீல்ஸ்ல "5000 வருஷத்து துருக்கிய போர்க்கலை"ன்னு கராத்தே டிரெஸ்ல ஓநாய் படம் ஒட்டிக்கிட்டு சிலபேரு சுத்துறாங்க, அதுல பாதி நம்ம ஆயுசுக்குள்ள சேத்துக் கட்டுனது. நம்மாளுங்க மட்டும் யோக்கியமா, உலகத்துல எவன் கையைத் தூக்குனாலும் போதிதர்மர் சொல்லிக்கொடுத்ததுங்கிறோம்.

வெண்ணாத்தங்கரை:
சரி, மல்லுக்கட்டு புரியுது. ஆனா வில்லு, ஈட்டிக்கெல்லாம் வாத்தியார் வச்சு வரிசையா சொல்லிக்கொடுத்தாங்களா, இல்ல ஆடு மாடு மேய்க்கிறப்ப தானா வந்ததா? அதுலதானே இருக்கு கலையா பழக்கமாங்கிறது.

நாகூர் நானா:
நல்ல கேள்வி. ஸ்டெப்பிங்கிற அந்தப் புல்வெளிச் சீமையில பெரும்பாலும் வீட்டோட பழக்கம்தான், புள்ளைங்க நடக்கப் பழகும்போதே குதிரை ஏறிடும். வில்லும் சாமானியப்பட்டதில்ல, நடுவுல மரம், உள்பக்கம் கொம்பு, வெளிப்பக்கம் நரம்பு, எல்லாத்தையும் வஜ்ரப் பசை போட்டு ஒட்டுனது. குட்டையா இருக்கும், அதனால குதிரை மேல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பலாம். நாணை கட்டை விரல்ல மாட்டி இழுப்பாங்க, விரல் அறுந்துடாம இருக்க எலும்புலயோ கொம்புலயோ மோதிரம்.

பாடம் வச்சு சொல்லிக்கொடுத்தது எகிப்துல. 1250லேர்ந்து 1517 வரைக்கும் கெய்ரோவை ஆண்ட மம்லூக்குங்க, ஆரம்பத்துல பெரும்பாலும் கிப்சாக் துருக்கிய பசங்க, அடிமையா வாங்கிட்டு வந்து படைக் கொட்டடியில வளத்தது. சுல்தான் பைபர்ஸே அப்படி வந்தவர்தான். அங்க ஃபுரூசிய்யான்னு பேரே வச்சு குதிரை, ஈட்டி, வில்லு, வாளுன்னு பாடம் நடத்துனாங்க, கையேடு எழுதி வச்சிருக்காங்க. அரபு, பாரசீகச் சரக்கும் அதுல கலந்ததுதான். அதுல ஒரு ஆட்டம் கபக். கபக்னா சுரைக்காய். ஒசரமான கம்பத்து மேல சுரைக்காயை வச்சு, ஓடுற குதிரையிலேர்ந்து மேல பாத்து அடிக்கணும். கசாக்ல இதே மாதிரி ஜம்பி அட்டு, அங்க சுரைக்காய்க்குப் பதிலா வெள்ளிக் கட்டி. உறியடி பாத்து வளந்த நமக்கு இதுல அதிசயம் ஒண்ணும் இல்ல, குதிரை ஒண்ணுதான் எக்ஸ்ட்ரா. நம்ம பூம்புகாருக்கே அந்தக் காலத்துல குதிரை கப்பல்லதானே வந்து இறங்குச்சு.

கும்மோணத்தான்:
வாத்தியாருக்கு எர் எனிஷ் வீடியோ காட்டுங்க. கிர்கிஸ் ஆட்டம், ரெண்டு பேரு சட்டை இல்லாம குதிரை மேல இருந்தபடியே மல்லுக்கட்டுவாங்க, எதிராளியை இழுத்துக் கீழ போடணும். இசிக்குல் ஏரிக்கரையில 2014ல ஆரம்பிச்ச உலக நாடோடி விளையாட்டுல இதுவும் உண்டு.

வெண்ணாத்தங்கரை:
இன்னிக்கு சாயங்காலம் களத்துல வச்சு போன்ல காட்டிட்டேன். அவங்க கையை வாத்தியாரு பாக்கவே இல்ல, ரெண்டு பேரு முட்டியையும் அங்கவடியையுமே (சேணத்துல கால் மாட்டுற வளையம்) பாத்துக்கிட்டிருந்தாரு, ஒருத்தன் ஒரு பக்கமா முழுசா சாஞ்சு தொங்கியும் விழாம மறுபடி ஏறுனப்ப நிறுத்தச் சொல்லி திரும்ப ஓட்டச் சொன்னாரு, மூணு தடவை. அப்புறம் வெத்தலையைத் துப்பிட்டு, "கால்வரிசை இருக்குடா, அவன் அதை அங்கவடியில வச்சிருக்கான்"னாரு. நாளைக்கு அந்த சுரைக்காய் வீடியோ இருந்தா காட்டச் சொல்லியிருக்காரு, நானா, யார்கிட்டயாவது இருந்தா லிங்க் போடுங்க.