மிளகாய் எண்ணெய்: ஊறவைப்பதா, இறக்குவதா?

அனைவருக்கும் வணக்கம்.

மிளகாய், பூண்டு போன்றவற்றின் காரமும் மணமும் சேர்ந்த எண்ணெயை ஆங்கிலத்தில் ‘இன்ஃபியூஸ்டு ஆயில்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உட்செலுத்திய எண்ணெய், ஊட்டிய எண்ணெய், ஊறல் எண்ணெய். முதலாவதை விட்டுவிடலாம், அது நரம்பில் மருந்து ஏற்றுவதற்குத்தான் சரி. ‘ஊட்டு’ நல்ல சொல்தான். ஆனால் சுவையூட்டி, நிறமூட்டி என்று வெளியிலிருந்து கலப்பதற்கெல்லாம் அதைக் கொடுத்துவிட்டோம். புட்டியிலிருந்து இரண்டு சொட்டு எசென்ஸ் விட்டாலும் அது ஊட்டிய எண்ணெய்தான்.

ஊறலில்தான் எனக்குப் பெரிய தயக்கம். உளுந்து ஊறுகிறது, ஜாமூன் பாகில் ஊறுகிறது. எல்லாவற்றிலும் நீர்மம் பொருளுக்குள் போகிறது. இங்கே நடப்பது எதிர்த்திசை: மிளகாயில் இருப்பது எண்ணெய்க்கு வர வேண்டும்.

போன வாரம் சீனத்துச் சிச்சுவான் முறையில் செய்து பார்த்தேன். அரை லிட்டர் கடலை எண்ணெயில் பட்டையும் அன்னாசிப்பூவும் சிறுதீயில் கிடந்து மணம் வந்ததும் அரித்தெடுத்தேன். ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைப் போட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும், கருகக் கூடாது. அந்தப் பதத்தில், கொரகொரப்பாக இடித்த 100 கிராம் வற்றல் மிளகாய்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அப்போது ஆரஞ்சு நிறம்தான். மறுநாள் காலையில் நல்ல இரத்தச் சிவப்பு. காரம் தரும் கேப்சைசினும் சிவப்பு நிறமிகளும் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். இரவெல்லாம் அந்த வேலைதான் நடந்திருக்கிறது. அம்மா கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “நல்லா இறங்கியிருக்கே” என்றார்.

சொல் வீட்டிலேயே இருக்கிறது! டிகாக்‌ஷன் இறங்குகிறது, தேயிலையில் சாயம் இறங்குகிறது. ஆகவே என் பரிந்துரை: இன்ஃபியூஸ் – சாரமிறக்கு; இன்ஃபியூஷன் – சாரமிறக்கல்; இன்ஃபியூஸ்டு ஆயில் – சாரமிறக்கிய எண்ணெய்.

இன்னொன்று. செய்முறையில் ‘பூண்டை எண்ணெயில் ஊறவைக்கவும்’ என்று எழுதினால், பச்சைப் பூண்டைப் போட்டு மேடையிலேயே நாள்கணக்கில் வைத்துவிடுவார்கள். பூண்டில் ஈரம் உண்டு, எண்ணெய்க்கடியில் காற்று இல்லை. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய்க்கு அது போதும். சொல்லைத் தேர்வதில் இதையும் பார்க்க வேண்டும்.

*

அக்கா, திசை பற்றிச் சொன்னது சரி. ஆனால் ‘இறக்கு’ என்றதும் சமையல் குறிப்பில் அடுப்பிலிருந்து இறக்குவதுதானே நினைவுக்கு வரும்? ‘மிளகாயைச் சேர்த்து இறக்கவும்’ என்றால் குழப்பம்தான்.

*

உண்மைதான் தம்பி. அதனால்தான் ‘சாரம்’ கூடவே வர வேண்டும் என்கிறேன். செய்முறை வரிகளில் இன்னும் எளிதாக, ‘காரம் இறங்கும்வரை மூடி வைக்கவும்’ என்று தன்வினையிலேயே எழுதலாம். புட்டியில் ஒட்டும் பெயருக்கு ‘மிளகாய்ச் சாரமிறக்கிய எண்ணெய்’ கொஞ்சம் நீளம். அதைச் சுருக்க யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள்.