சாயங்காலமானா அடுப்புச் சுவர் மூலையைப் பிறாண்டும் ஆமை: பெட்டிக்குச் சூடு போதலையா?

நானுஓயாப் பனி

வணக்கம். நாங்க இலங்கை மலைநாட்டு நானுஓயாவில இருக்கோம். வீட்டில ஒரு சல்காட்டா ஆமை இருக்கு. வயசு 14 மாசம், ஓட்டு நீளம் 14 செ.மீ, எடை 560 கிராம். 3 அடி கண்ணாடி மீன் தொட்டியில வச்சிருக்கோம், மூடி கிடையாது. ஒரு ஓரத்துல 60 வாட் குண்டு பல்ப், காலையில 7 மணியிலிருந்து சாயங்காலம் 6 வரைக்கும். ராத்திரி அதை அணைச்சுட்டு தொட்டி மேல கம்பளி போட்டுருவோம். கீழே பழைய பேப்பர். கண்ணாடியில ஒட்டின வட்ட மீட்டர் பகல்ல 27 பாகை காட்டுது. விடியக்காலை அஞ்சரைக்கு அறையில 13.

கொஞ்ச நாளா நடத்தை ஒரு மாதிரியா இருக்கு. சாயங்காலம் ஆனா ஒரே மூலைக்குப் போய் முன்காலால பிறாண்டுது, அரை மணி நேரம் கூட விடாது. அந்த மூலை சமையலறைச் சுவரோட ஒட்டினது, அந்தப் பக்கம் விறகடுப்பு. காலையில 10 மணி வரைக்கும் கண்ணே திறக்காது. பல்புக்குக் கீழே வந்தா நாலு காலையும் தலையையும் நீட்டி செத்த மாதிரி கிடக்கும். மத்த நேரம் மூக்கைக் கண்ணாடியில தேய்ச்சிக்கிட்டே நடக்கும். சாப்பாடு பாதியாக் குறைஞ்சிருச்சு. மூத்திரத்துல வெள்ளையா எதோ வருது. இது நோயா, கூதலா? ஹீட்டர் எதை வாங்குறது?

ஓடும் காலும்

தங்கச்சி, முதல்ல இனத்தை உறுதி பண்ணிக்கோங்க. ஓடு ஒரே மணல் நிறமா, முன்காலில் கூரான பெரிய செதில்கள், பின்தொடையில் முள் மாதிரி நீட்டல் இருந்தா சல்காட்டா. கறுப்பு ஓட்டுல ஒவ்வொரு தட்டு நடுவிலிருந்தும் மஞ்சள் கோடு கதிர் மாதிரி விரிஞ்சிருந்தா அது நட்சத்திர ஆமை, நம்ம உலர் வலயத்துப் பிராணி. விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி அதை வீட்டில் வைக்க முடியாது. 2019இல் சைட்டிஸ் (அழியுற உயிரினங்களின் சர்வதேச வியாபார ஒப்பந்தம்) முதல் பட்டியலுக்கும் ஏத்திட்டாங்க. அதுவா இருந்தா ஹீட்டர் பேச்சை விட்டுட்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்க.

சல்காட்டாதான்னு வச்சுப் பேசுவோம். சஹாராவுக்குத் தெற்கு ஓரத்து ஆமை. குளிர்காலத் தூக்கம் அதுக்கு இல்ல. காலையில 10 மணி வரை கண் திறக்காம கிடக்குறது தூக்கம் இல்ல, உடம்பு ஓடத் தொடங்குற சூடு இன்னும் ஏறல.

அடுப்புச் சுவரைப் பிறாண்டுறதை வெளியே போற ஆசைன்னு நினைக்காதீங்க. 6 மணிக்கு பல்ப் அணையுது, திறந்த தொட்டி அரை மணியில ஆறிப்போகுது. அந்த வீட்டில் அந்த நேரம் சூடா இருக்குற ஒரே பக்கம் அடுப்புச் சுவர்தான். கண்ணாடியில ஒட்டின வட்ட மீட்டரை விட உங்க ஆமை நல்ல மீட்டர்.

கால் நீட்டிக் கிடக்குறது வெயில் காயுறது, அதுல பயம் இல்ல. ஆனா நாள் முழுக்க அப்படியே கிடந்தா சூடு பத்தலன்னு அர்த்தம். மூக்குத் தேய்க்குறதுக்குக் காரணம் கண்ணாடி. ஆமைக்குக் கண்ணாடி ஒரு தடைன்னே விளங்காது. தரையிலிருந்து 15 செ.மீ உயரத்துக்கு வெளிப்பக்கம் மட்டை ஒட்டினா ரெண்டு நாள்ல அடங்கும்.

மூத்திரத்து வெள்ளை, யூரேட், உடம்பு வெளியேத்துற கழிவு உப்பு. பற்பசை மாதிரி குழைவா இருந்தா சரி. விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாருங்க, மணல் மாதிரி நெருடினா உடம்பில் தண்ணி இல்ல. தினம் காலையில 30–32 பாகை வெதுவெதுப்பான தண்ணியில் 20 நிமிஷம் விடுங்க. மேலோடும் கீழோடும் சேருற இடம் வரைக்கும் தண்ணி போதும், தலை எப்பவும் வெளியே இருக்கணும். சாயங்காலம் வேண்டாம், ஈரத்தோட ராத்திரிக்குப் போகக் கூடாது.

சாப்பாடு குறைஞ்சதுன்னு ருசி காட்டி ஊட்டாதீங்க. சூடு இல்லாத குடலில் தீனி செரிக்காம கிடந்து புளிச்சுப் போகும். முதல்ல சூடு, பிறகு தீனி.

ஒரு வேலை செய்யுங்க: வயர் முனையில் சென்சார் உள்ள, குறைஞ்சது கூடினது ரெண்டையும் ஞாபகம் வைக்கிற டிஜிட்டல் மீட்டர் ரெண்டு வாங்கி, ஒண்ணு பல்புக்குக் கீழே ஓட்டு உயரத்தில், மத்தது எதிர் ஓரத்தில் தரையிலிருந்து 5 செ.மீ மேலே வைங்க. ஒரு ராத்திரி விட்டுக் கணக்கைப் போடுங்க.

நானுஓயாப் பனி

சல்காட்டாதான், தொடையில முள்ளு இருக்கு. மீட்டர் வச்சுப் பார்த்தோம். பல்புக்குக் கீழே பகல்ல 29, எதிர் ஓரம் 19. ராத்திரி கம்பளி போட்டும் ரெண்டு ஓரமும் 14க்கு இறங்கிருச்சு. கடையில சிவப்பு பல்பும், கீழே போடுற ஹீட் மேட்டும் காட்டுறாங்க. எது நல்லது?

பதுளை வயர்

ரெண்டும் வேண்டாம். சிவப்பு வெளிச்சம் ஆமைக்குத் தெரியும், தூக்கம் கெடும். ஹீட் மேட் அடியிலிருந்து சுடும். ஆமை சூடு தாங்கலன்னா மண்ணைத் தோண்டிக் கீழே போற பிராணி, இங்க கீழே போகப் போக சூடு கூடும். அடிஓடு வெந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

ஹீட்டர் வாங்க முன்னே அந்தத் தொட்டியை மாத்துங்க. வாய் திறந்த கண்ணாடித் தொட்டிக்கு எத்தனை வாட் போட்டாலும் அது கூரைக்குத்தான் போகும்.

4 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்கு 12 மில்லிமீட்டர் ஒட்டுப் பலகையில் மூடிய பெட்டி அடிங்க. முன்பக்கம் பார்க்க ஒரு அடிக்கு அக்ரிலிக் தகடு போதும். வெளியே 13, உள்ளே 28 வேணும்னா வித்தியாசம் 15 பாகை. வெறும் பலகையில் அதைப் பிடிக்க ஏறக்குறைய 240 வாட் தொடர்ந்து எரியணும். ஆறு பக்கமும் 25 மில்லிமீட்டர் ரெஜிபோம் வச்சா 65 வாட் அளவில் நின்னுரும். மீன் பெட்டியா வர்ற அதே வெள்ளை நுரைத் தகடுதான். ஆனா ஆமைக்கு வாய் எட்டக் கூடாது, கடிச்சு முழுங்கிரும், குடல் அடைக்கும். பலகைக்கு வெளிப்பக்கம் ஒட்டி மேலே மெல்லிய பலகையால் மூடுங்க. உள்பக்கம் தண்ணி வார்னிஷ் ரெண்டு கோட்டு, மூலைகளுக்கு சிலிக்கன். வாசம் போக ஒரு வாரம் காத்தாட விட்டுத்தான் ஆமையை விடணும்.

ராத்திரிச் சூட்டுக்கு செராமிக் ஹீட்டர் பல்ப். வெளிச்சம் இல்ல, சூடு மட்டும். 60 வாட் ரெண்டு போடுங்க, ஒரு பெரிய பல்ப் வேண்டாம். ஒண்ணு செத்தாலும் மத்தது மட்டும் அந்தப் பெட்டியை 26, 27இல் பிடிச்சு வைக்கும். செராமிக் எரியுறது கண்ணுக்குத் தெரியாதுங்கிறதால செத்ததும் தெரியாது, அதுக்குத்தான் ரெண்டு. ‘குளிர் ஊர்தானே’ன்னு 250 வாட் வாங்குறவங்க ஒண்ணை மறக்குறாங்க: சூட்டைப் பார்த்து பல்பைப் போட்டு அணைக்குற கன்ட்ரோலரின் ரிலே (உள் சுவிட்ச்) ஒட்டிப் போனா அந்தப் பெட்டி 70 பாகை வரைக்கும் ஏறக் கூடும்.

ஹோல்டர் பீங்கான்தான். பேக்லைட் ஹோல்டர் ரெண்டு வாரத்துல கருகி உடையும். செராமிக் மேற்பரப்பு 200 பாகை தாண்டும், ரெஜிபோம் 80ஐயே தாங்காது. பல்புக்கு மேலே மூடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு தகரம் அடிங்க. பல்பைச் சங்கிலியில் தொங்கவிடுங்க, வயரில் இல்ல. சுற்றி கம்பிக் கூடு. ஓட்டு உச்சியிலிருந்து 30 செ.மீ. தகர ரிஃப்ளெக்டர் போட்டா மூணு வயர், எர்த் கட்டாயம். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதான்னு அதுல உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க.

கன்ட்ரோலர் எஸ்டிசி-1000 வகை போதும். ஹீட்டிங்னு குறிச்ச முனையில் கட்டுங்க, கூலிங்கில் கட்டிட்டு ‘வேலை செய்யல’ன்னு திருப்பிக் கொடுக்குறவங்கதான் அதிகம். ராத்திரி 27, வித்தியாசம் 1 பாகை. சென்சாரை சூடான ஓரத்துச் சுவரில், ஓட்டு உயரத்தில், கிளிப் போட்டு இறுக்குங்க. இங்கதான் ஆமை சாகுற விபத்து நடக்குது: ஆமை இடிச்சோ, சுத்தம் பண்ணும்போதோ சென்சார் பெட்டிக்கு வெளியே விழுந்துரும். வெளியே 13 பாகை, கன்ட்ரோலர் விடாம சூடு ஏத்தும். அதனால ரெண்டாவதா ஒரு கன்ட்ரோலர், சென்சார் குளிர்ந்த ஓரத்தில், 32 தாண்டினா எல்லாத்தையும் வெட்டுற மாதிரி. அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

பகலுக்கு வெயில் காய 50 வாட் ஹலோஜன், ஃப்ளட் வகை, வெளிச்சம் பரந்து விழுறது. ஸ்பாட் வகை ஓட்டு உச்சியை மட்டும் சுட்டுட்டு வயிறைக் குளிர்ல விடும். கடையில எல்ஈடியைக் கையில தந்துருவாங்க, அதுல சூடே இல்ல, பெட்டியைப் படிச்சு வாங்குங்க. உயரத்தை ஏத்தி இறக்கி ஓட்டு உயரத்தில் 35–36 வர வைங்க, எதிர் ஓரம் 26. மூடியை ரெண்டு துண்டா அடிச்சு, பகல்ல குளிர்ந்த பக்கத் துண்டை நாலு விரல் தூக்கி வைக்கணும், இல்லாட்டி பகலில் பெட்டி முழுக்க ஒரே சூடா ஏறிரும், ஆமைக்கு ஒதுங்க இடம் இருக்காது. எல்லாம் சேர்த்து மாசம் 50 யூனிட் அளவில் வரும்.

நானுஓயாப் பனி

ரொம்ப நன்றி அண்ணே. பெட்டி அடிக்க ஆள் சொல்லியாச்சு. ஒரு சந்தேகம். குட்டிக்கு ஈரம் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க, இங்க எந்நேரமும் மூடுபனி, சுவர்ல பூஞ்சணம். இதுக்கு மேல ஈரம் எதுக்கு? அப்புறம், கரண்ட் போனா என்ன செய்றது?

ஓடும் காலும்

மலையில எல்லாரும் விழுற குழி இதுதான். 13 பாகையில் 90 சதவீத ஈரமா இருக்குற காத்தை உள்ளே எடுத்து 30க்குச் சூடாக்கினா, அதே காத்து 32 சதவீதத்துக்கு வத்திரும். தண்ணி அளவு மாறல, சூட்டுக் காத்துக்குக் கொள்ளளவு கூடிருச்சு. வெளியே மூடுபனி, பெட்டிக்குள்ள பாலைவனம். செராமிக் பல்ப் ஓட்டையும் காய்ச்சும். குட்டியில் அப்படியே விட்டா ஓட்டுத் தட்டுகள் கோபுரம் கோபுரமா எழும்பிரும், பிறகு தட்டையாகாது.

பேப்பரை எடுத்துட்டு தும்புத்தூள் கட்டி வாங்கி ஊறவச்சு, ரெண்டு தரம் அலசி உப்பு போக்கி, 8 செ.மீ கனத்துக்குப் போடுங்க. மணல் வேண்டாம், தின்னும். வாரம் ரெண்டு தரம் மூலைகளில் அரை லீட்டர் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தினா அடி ஈரமாவும் மேல் உலர்வாவும் இருக்கும். சூடான ஓரத்துல கவுத்த சட்டி ஒண்ணு, வாயை வெட்டி, உள்ளே ஈரப் பாசி. ராத்திரி அங்கதான் படுக்கும். தரைமட்டத்தில் 70 முதல் 80 சதவீதம் பாருங்க. சூடும் ஈரமும் சேர்ந்தா நல்லது. குளிரும் ஈரமும் சேர்ந்தாதான் சளி பிடிக்கும், ஓடு அழுகும். அதனால பெட்டி ராத்திரி 26க்குக் கீழே போகாதுன்னு மீட்டர் சொன்ன பிறகுதான் தண்ணி ஊத்தத் தொடங்கணும்.

வெயில் அடிக்கிற நாளில் 10 மணிக்கு மேல அரை மணி நேரம் வெளியே விடுங்க, பாதி நிழலோட. மலையில வெயிலில் புறஊதா நல்லாவே இருக்கு. கண்ணாடி வழியா அது வராது, கண்ணாடித் தொட்டியை வெயிலில் வச்சா ஆமை வெந்துரும். மழை மாசங்களுக்கு உள்ளே டி5 யூவிபி டியூப் வேணும், ஓட்டிலிருந்து 35–40 செ.மீ, வருஷம் ஒரு தரம் மாத்தணும். எரிஞ்சாலும் யூவிபி குறைஞ்சு போயிருக்கும்.

தீனிக்கு புல்லும், செவ்வரத்தை இலையும் மல்பெரி இலையும். தேயிலைக்குள்ள புடுங்கின புல் வேண்டாம், களைக்கொல்லி அடிச்சிருப்பாங்க. கோவாவும் கரட்டும் மலிவுன்னு தினம் போடாதீங்க, லீக்ஸ் வேண்டவே வேண்டாம். கணவாய் ஓடு ஒண்ணு உள்ளே போட்டு வைங்க, வேணும்னா அதுவே கடிக்கும்.

கம்பளை ரோட்

கரண்ட் போனா: ஒன்றரை லீட்டர் சோடா போத்தலில் 60 பாகைத் தண்ணி, துவாயில் சுத்தி பெட்டிக்குள். கொதிதண்ணி ஊத்தினா போத்தல் சுருங்கி ஒழுகும். ஒரு போத்தல் 30க்கு ஆறும்போது கொடுக்குற சூடு பெட்டியின் ஒரு மணி நேரத் தேவைக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மணி நேர வெட்டுக்கு அஞ்சு போத்தல், ஒரே தரமா வைக்காம மணிக்கு ஒண்ணா மாத்துங்க. கரிச்சட்டியோ மண்ணெண்ணெய் அடுப்போ அறையில வைக்காதீங்க. அந்தப் புகை ஆமைக்கு மட்டும் இல்ல, தூங்குற ஆளுக்கும் ஆபத்து.

நோயா கூதலான்னு கேட்டீங்க. சூடு சரியான பிறகு அஞ்சாறு நாளில் தின்னத் தொடங்கினா கூதல்தான். மூக்கில் குமிழ் வருது, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம், கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சு விடுது, முன்கால் மூச்சோட சேர்ந்து வழக்கத்தை விட அதிகமா உள்ளே வெளியே போகுது, தண்ணியில் ஒரு பக்கம் சாயுது, இதுல ஒண்ணு கண்டாலும் சளி நெஞ்சுக்கு இறங்கியிருக்கலாம். ராத்திரியும் பகலும் 29–30இல் வச்சுக்கிட்டு, பேராதனை மிருக வைத்திய பீட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மனுஷ மருந்து, கோழி மருந்து எதுவும் கொடுக்காதீங்க. கொண்டு போகும்போது ரெஜிபோம் பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, துவாய் சுத்தின வெந்நீர்ப் போத்தல் ஒண்ணு ஓரமா வைங்க. றம்பொடை இறக்கத்துல பெட்டி சரியும், போத்தலைக் கட்டி வைங்க.

வாரம் ஒரு நாள், தண்ணியில் விட முன்னே, சமையல் தராசில் எடை எழுதி வைங்க. ரெண்டு வாரம் தொடர்ந்து இறங்கினா நடத்தை எப்படி இருந்தாலும் காட்டணும்.

இன்னொண்ணு, கேட்காததுதான். சல்காட்டா 40 கிலோவுக்கு மேல வளர்ற ஆமை. இந்தப் பெட்டி ரெண்டு மூணு வருஷத்துக்குத்தான், பிறகு சூடு வச்ச ஒரு கொட்டகை வேணும். நானுஓயாவில் அதுக்கு ஆகிற கரண்டை இப்பவே கணக்குப் பார்த்து, முடியாதுன்னா குட்டியா இருக்கும்போதே சூட்டு ஊர்ல வளர்க்கத் தெரிஞ்ச ஒருத்தரைத் தேடுங்க. காட்டுல மட்டும் விட்டுராதீங்க.

நானுஓயாப் பனி

மட்டை ஒட்டியாச்சு, மூக்குத் தேய்க்குறது நின்னுருச்சு. பெட்டி வர்ற வரைக்கும் தொட்டியை ரெஜிபோமால வெளிப்பக்கம் சுத்தி, மேல பலகை மூடி போட்டு, ஒரே ஒரு 60 வாட் செராமிக், கன்ட்ரோலரோட. நேத்து ராத்திரி குறைஞ்சது 23. இன்னும் மூலைக்குத்தான் போகுது, ஆனா பிறாண்டல.

பதுளை வயர்

23 போதாது தங்கச்சி, ரெண்டாவது பல்பையும் போடுங்க. மூடியில தகரம் அடிச்சீங்களா? பலகை தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியலன்னா சங்கிலியில ரெண்டு கண்ணி இறக்குங்க.