குதிக்கால் நோவு: எந்தச் செருப்பு வாங்கலாம்?

மாங்குளம் ஆசிரியை:
காலையில் கட்டிலால் இறங்கிக் கால் ஊன்றினால் குதிக்காலில் ஆணி ஏறினது போல நோ. நாலு எட்டு நடந்தால் குறையும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் திரும்பத் தொடங்கும். போடுவது தட்டை ரப்பர் செருப்பு. கிளிநொச்சிச் சந்தையில் என்ன பார்த்து வாங்கலாம்?

கிளிநொச்சி அண்ணா:
தங்கச்சி, எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கு என்றாலும் பயப்படாதீங்கோ, நோ இல்லாத ஆக்களுக்கும் அது இருக்கும். பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வுதான் காரணம். செருப்பை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கோ. விரல் பக்கம் மட்டும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் வைத்துவிட்டு வாங்கோ. குதிப்பக்கம் கொஞ்சம் உயர்ந்து, பின்வாரும் இருந்தால் நல்லது. வீட்டுச் சீமெந்துத் தரைக்கும் ஒரு சோடி வேண்டும். எங்கட சனம் அதைத்தான் கேட்காது!

முத்தையன்கட்டு வயற்காரன்:
கட்டிலால் இறங்க முதல் கால் விரல்களை முழங்கால் பக்கம் இழுத்துப் பிடியுங்கோ. பின்னேரம் ஐஸ் போத்தலை உள்ளங்காலால் உருட்டலாம். சீனி வருத்தம் இருந்தால் டொக்டரைக் கேட்டுவிட்டு.

மாங்குளம் ஆசிரியை:
சரி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெறுங்காலோடு நடக்கிற நேர்த்தி இருக்கிறதே?

கிளிநொச்சி அண்ணா:
வாசல் வரை செருப்போடு போங்கோ. அம்மாள் கோவிக்க மாட்டா.