ஐந்தாண்டுத் திட்டம் மறுபடியும் அலமாரிக்குள் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அரசு நிதியில் இயங்கும் ஒரு சிறிய கல்லூரியில் பதினான்கு ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். மாணவர்கள் ஏறத்தாழ 800 பேர். ஆசிரியர்கள் 38 பேர். அலுவலகத்தில் 11 பேர். அடுத்த ஐந்தாண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை முதல்வர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

வேலையைத் தொடங்கும் முன் பழைய திட்டத்தைத் தேடி எடுத்தேன். கெட்டி அட்டை போட்ட 84 பக்கங்கள். அவற்றில் 61 இலக்குகள். ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்ததில் நிறைவேறியவை ஒன்பதுதான். அந்த ஒன்பதும் திட்டம் இல்லாமலே நடந்திருக்கக்கூடியவை. யாரும் சோம்பியிருந்ததால் இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எங்கள் கல்லூரியில் எல்லோரும் வேலைப் பளுவில்தான் இருக்கிறார்கள்.

ஒரு சிறு நிகழ்வைச் சொன்னால் எங்கள் நிலை விளங்கும். வேதியியல் ஆய்வகத்தில் புகையை வெளியேற்றும் விசிறி பழுதாகிக் கிடக்கிறது. இரண்டு ஆண்டுகளில் நடந்த நான்கு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளில் அந்த விசிறியைப் பற்றிப் பதிவாகியிருக்கிறது. நான்கிலும் ஒரே வாக்கியம்: ‘இது குறித்து ஆவன செய்யப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது.’ அதை மாற்றும் அதிகாரம் துறைத் தலைவருக்கா, கொள்முதல் குழுவுக்கா, கட்டடக் குழுவுக்கா, முதல்வருக்கா என்று விசாரித்தேன். ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். மாணவர்களோ இன்றும் சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்முறைப் பயிற்சி செய்கிறார்கள்.

எங்களிடம் 23 குழுக்கள் இருக்கின்றன. நானே ஆறில் உறுப்பினர். ஐந்தாண்டுக்குள் மூன்று முதல்வர்கள் மாறிவிட்டார்கள். இந்த நிலையில் எதை யார் முடிவு செய்வது என்பதை எப்படித் தெளிவாக்குவது, திட்டத்தையும் பணத்தையும் எப்படி இணைப்பது, ஆசிரியர்களும் மாணவர்களும் பெயரளவில் இல்லாமல் உண்மையாகவே பங்கேற்க என்ன வழி என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற முதல்வர்)

வணக்கம். ‘ஆவன செய்யப்படும்’ என்ற வாக்கியத்தைப் படித்ததும் என் பணிக்காலம் முழுவதும் கண்முன் வந்துவிட்டது. அந்த வாக்கியத்தில் செய்பவர் இல்லை, நாள் இல்லை, பணம் எங்கிருந்து வரும் என்பதும் இல்லை. ஆகவே திட்டத்தை எழுதத் தொடங்கும் முன், நடவடிக்கைக் குறிப்பு எழுதும் முறையை மாற்றுங்கள். ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் செய்ய வேண்டியவரின் பதவி, முடிக்க வேண்டிய தேதி, செலவுத் தலைப்பு ஆகியவை இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள், முந்தைய தீர்மானங்களின் நிலை என்பதாகவே இருக்க வேண்டும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, செலவும் இல்லை.

அடுத்தது அதிகாரப் பட்டியல். கல்லூரியில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் முடிவுகளை எண்ணிப் பாருங்கள்: பாடத்திட்ட மாற்றம், கால அட்டவணை, புதிய பணியிடம், கருவி வாங்குதல், பழுதுபார்ப்பு, கட்டணச் சலுகை, ஒழுங்கு நடவடிக்கை என நாற்பதுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் முன்மொழிபவர் யார், கருத்துக் கேட்கப்பட வேண்டியவர் யார், முடிவெடுப்பவர் யார் என்று எழுதி வையுங்கள். கருத்துச் சொல்பவர்கள் பலராக இருக்கலாம். முடிவெடுக்கும் இடம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் எந்தக் கொள்கையைப் பின்பற்றுவது என்ற ஐயம் வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும், உயர்கல்வி நிறுவனங்களின் அமைப்பும், ஆட்சிக் குழுக்களின் சங்கமும் சேர்ந்து 1966இல் உருவாக்கிய ஓர் அறிக்கை இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆய்வு, ஆசிரியர்களின் தகுதி நிலை ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது. இறுதி அதிகாரம் ஆட்சிக் குழுவிடம் இருந்தாலும், இவ்விஷயங்களில் அது ஆசிரியர்களின் முடிவை மறுப்பது அரிதாக இருக்க வேண்டும், மறுத்தால் காரணத்தையும் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எந்த நாட்டுக் கல்லூரிக்கும் இந்தப் பிரிவினை பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

ஆட்சிக் குழுவைப் பற்றியும் ஒரு சொல். முதல்வரின் செயல்பாட்டை மதிப்பிடுவது, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைக் கேள்வி கேட்டுப் படிப்பது ஆகியவையே அதன் வேலை. சிறிய கல்லூரியில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதால், உறுப்பினர்கள் கால அட்டவணை வரை இறங்கி வந்துவிடுவது எளிது. அப்படி இறங்கி வருபவர்களுக்குத் தணிக்கை அறிக்கையைப் படிக்க நேரம் இருப்பதில்லை.

குழுக்களைக் குறையுங்கள். ஒரு குழுவுக்கு ஆறு பேர் என்று கொண்டால்கூட 23 குழுக்களுக்கு 138 இடங்கள்; 38 பேர் அவற்றை நிரப்ப வேண்டுமானால் ஒருவர் மூன்று நான்கு குழுக்களில் இருந்தே தீர வேண்டும். இனி எந்தக் குழுவை அமைத்தாலும், அது கலையும் தேதியை அமைக்கும் ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

மறுமொழி 2 (கல்லூரி ஒன்றின் நிதி அலுவலர்)

முதல்வர் ஐயா சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். பணத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், பழைய திட்டம் தோற்றதற்கு அது வெளிவந்த மாதமே காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. நிதி கோரிக்கை மேலே சென்ற பிறகு திட்டம் அச்சாகி வந்திருந்தால், அந்த ஆண்டு அதற்கு ஒரு காசும் கிடைத்திருக்காது; அடுத்த ஆண்டு கோரிக்கை எழுதும் நேரத்தில் அதை யாரும் நினைவில் வைத்திருக்கவும் மாட்டார்கள். ஆகவே, உங்களுக்கு நிதி வழங்கும் துறை எந்த மாதத்தில் மதிப்பீடுகளைக் கேட்கிறது என்பதை முதலில் அறிந்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு ஆட்சிக் குழுவின் ஒப்புதல், அதற்கு முன் நிதிக் குழுவின் பரிசீலனை, அதற்கும் முன் துறைகளின் கோரிக்கை என்று நாட்காட்டி தானாகவே உருவாகிவிடும்.

ஒவ்வோர் இலக்குக்கும் இரண்டு தொகைகளைக் கேளுங்கள்: தொடங்க ஆகும் செலவு எவ்வளவு, தொடங்கிய பின் ஆண்டுதோறும் ஆகும் செலவு எவ்வளவு. முதல் தொகையை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. மொழி ஆய்வகத்துக்கு முப்பது கணினிகளை ஒரு சிறப்பு நிதியில் வாங்கிவிடலாம். மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்கவும், பழுதுபார்க்கவும், ஆய்வக உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கவும் அந்த நிதியில் இடம் இருக்காது. மூன்றாம் ஆண்டில் அந்த அறை பூட்டிக் கிடக்கும்.

கட்டடங்களுக்கும் இது பொருந்தும். பொதுக் கட்டடங்களின் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும், அவற்றை இன்று புதிதாகக் கட்டினால் என்ன ஆகுமோ அந்தத் தொகையில் 2 முதல் 4 விழுக்காட்டை ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1990இல் வெளியிட்ட அறிக்கை பரிந்துரைத்தது. நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது பராமரிப்புதான், ஏனென்றால் அந்த ஆண்டே யாருக்கும் வலிக்காது. உங்கள் விசிறி அப்படித்தான் நின்றிருக்கும். திட்டத்தில் புதிய கட்டடம் ஒன்றைச் சேர்க்க விரும்பினால், இருக்கும் கட்டடங்களுக்கு இந்தக் கணக்கில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாச் செலவையும் பூச்சியத்திலிருந்து நியாயப்படுத்தச் சொல்லும் முறையை யாராவது பரிந்துரைப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்க மத்திய அரசு 1977இல் அதை ஏற்று, தாள்வேலையின் சுமை தாங்காமல் 1981இல் கைவிட்டது. அலுவலகத்தில் 11 பேர் மட்டுமே உள்ள கல்லூரிக்கு அது கட்டுப்படியாகாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு செலவுத் தலைப்புகளை மட்டும் எடுத்து, அடிப்படையிலிருந்து ஆராயுங்கள். ஐந்தாண்டில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம்.

மறுமொழி 3 (புள்ளியியல் ஆசிரியர், திட்டக் குழு உறுப்பினர்)

குழுக்களைக் குறைப்பதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. விழாக் குழு, மலர்க் குழு, வரவேற்புக் குழு ஆகியவற்றைத் தாராளமாக இணைக்கலாம். ஆனால் மாணவர் குறைதீர்க் குழுவையும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் குழுவையும் வேறு எதனோடும் இணைக்கக் கூடாது. சிறிய கல்லூரியில் புகார் கொடுப்பவரும், புகாருக்கு உள்ளானவரும், விசாரிப்பவரும் தினமும் ஒரே தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறார்கள். அங்கே வெளி உறுப்பினர் ஒருவர் இருப்பதும், குழு தனித்து இயங்குவதும் இன்றியமையாதவை.

திட்டத்தின் எண்களுக்கு வருகிறேன். மாணவர் எண்ணிக்கையை ‘ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு உயரும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்; ஆண்டு வாரியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். முதலாண்டில் 300 பேர் சேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் பத்தில் ஒன்பது பேர் தொடர்கிறார்கள் என்று கொள்வோம். மூன்றாண்டுப் படிப்பில் மொத்தம் 300, 270, 243 ஆக 813 பேர் இருப்பார்கள். சேர்க்கை 240 ஆகக் குறைந்து அதே அளவில் நின்றால், முதல் ஆண்டில் குறைபவர்கள் 60 பேர்தான். அதனால் யாரும் பதற்றப்பட மாட்டார்கள். மூன்றாம் ஆண்டில் மொத்தம் 650 ஆகிவிடும், குறைவு 163. சரிவு கண்ணுக்குத் தெரியும்போது இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டிருக்கும். மாறாக, படிப்பை இடையில் விட்டுப் போகிறவர்களைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் இதே அட்டவணையில் பாருங்கள். புதிய பாடப்பிரிவு தொடங்குவதைவிட, இருக்கும் மாணவர்களைத் தக்கவைப்பது எவ்வளவு பயன் தரும் என்பது அங்கே தெரியும்.

இன்னொன்று வகுப்பறை. எங்கள் கல்லூரியில் ‘இடமே இல்லை’ என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருந்தது. ஒரு வாரம் முழுக்க நானும் இரண்டு மாணவர்களும் மணிக்கு ஒரு முறை எல்லா அறைகளையும் சுற்றி வந்து தலைகளை எண்ணினோம். வாரத்துக்கு 40 மணி நேரம் பயன்படக்கூடிய ஓர் அறையில் 24 மணி நேரம்தான் வகுப்பு நடந்தது. 60 இருக்கைகளில் சராசரியாக 30 பேர்தான் இருந்தார்கள். நேரத்தில் அறுபது விழுக்காடு, இருக்கையில் பாதி. இரண்டையும் பெருக்கினால் அந்த அறையின் உண்மையான பயன்பாடு 30 விழுக்காடு. காலை பத்து முதல் பன்னிரண்டு வரைதான் நெரிசல். மதியத்துக்குப் பின் தாழ்வாரமே வெறிச்சோடிக் கிடந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது வேறொரு கால அட்டவணை.

பங்கேற்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997இல் ஏற்ற பரிந்துரை, ஆட்சி அமைப்புகளில் பங்கேற்கவும், தாம் பணியாற்றும் நிறுவனத்தின் செயல்பாட்டையே விமர்சிக்கவும் ஆசிரியர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. ‘இந்த இலக்கு நடக்காது, காரணம் இது’ என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால், அதை அப்படியே பதிவு செய்யுங்கள். மாணவர் பிரதிநிதிகளை இருவராக வையுங்கள். இருபது பெரியவர்களுக்கு நடுவே தனியாக அமரும் ஒரு மாணவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவர்களுக்கும் கூட்டத் தாள்கள் ஒரு வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளைப் படித்த பின், பழைய விதித் தொகுப்பையும் சுற்றறிக்கைகளையும் இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினேன். குறிப்பிட்ட தொகைக்குள் உள்ள பழுதுபார்ப்புக்கு முதல்வரே ஒப்புதல் தரலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எங்கள் விசிறிக்கு வந்த விலைப்புள்ளி அந்த வரம்பில் பாதிகூட இல்லை. அந்தச் சுற்றறிக்கை இன்றைய முதல்வர் பொறுப்பேற்பதற்கு முன்பே வந்தது. அவரிடம் யாரும் அதைக் காட்டவில்லை. நான் எடுத்துச் சென்று காட்டியதும் அன்று மாலையே கையெழுத்திட்டுவிட்டார். மகிழ்ச்சியாக இருந்தது, இரண்டு ஆண்டுகளாக அந்தப் புகையில் நின்ற மாணவர்களை நினைத்தபோது வேதனையாகவும் இருந்தது.

புதிய திட்டத்தில் 61 இலக்குகளுக்குப் பதிலாக எட்டு மட்டும் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். நிதி நாட்காட்டியை அலுவலகக் கண்காணிப்பாளரோடு அமர்ந்து தயாரித்து வருகிறோம். அறைகளின் கணக்கெடுப்பு அடுத்த வாரம். ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. முதல்வர் மாறும்போது இவையெல்லாம் மறுபடியும் மறைந்துபோகாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்வது?

மறுமொழி 4 (ஓய்வுபெற்ற முதல்வர்)

அதிகாரப் பட்டியலையும் எட்டு இலக்குகளையும் ஆட்சிக் குழுவின் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள். முதல்வரின் ஆணையாக இருந்தால், அடுத்து வருபவர் அதை மாற்ற வேண்டியதுகூட இல்லை. கவனிக்காமல் விட்டாலே போதும். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் சாவிகளோடும் இருப்புப் பதிவேட்டோடும் சேர்த்து, நிலுவையிலுள்ள தீர்மானங்களின் பட்டியலிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று விதி செய்யுங்கள். நான் பொறுப்பேற்ற நாளில் 212 நாற்காலிகளை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். எந்தெந்த வேலைகள் பாதியில் நிற்கின்றன என்று அன்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவற்றைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று.