பீரோல தூங்குற இங்க் பேனாவை எல்லாம் வெளிய எடுத்து நாலு பேருக்கு எழுதக் குடுக்கலாம்னு இருக்கேன், எப்படி ஆரம்பிக்கறது?

பாளை_நீலமை:

எல்லாருக்கும் வணக்கம். ஊரு பாளையங்கோட்டை. இங்க் பேனா சேர்க்கற கிறுக்கு காலேஜ் காலத்துல இருந்தே உண்டு, இப்ப கைவசம் முப்பது முப்பத்தஞ்சு தேறும். லாமி சஃபாரி ரெண்டு, பைலட் மெட்ரோபாலிட்டன், ட்விஸ்பி எக்கோ, திருவள்ளூர்ல இருந்து வாங்கின ரங்கா எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா மூணு, ராஜமுந்திரி ரத்னம் ஒண்ணு, பழைய ஹீரோ 616 ஒரு கத்தை, அப்புறம் தாத்தாவோட பார்க்கர் 51. இங்க் பாட்டில் கணக்கு கேக்காதீங்க, வீட்டுல இந்தப் போஸ்ட்டைப் படிப்பாங்க.

விஷயம் என்னன்னா இத்தனை இருந்தும் தினமும் எழுதறது ரெண்டே பேனால தான். மத்ததெல்லாம் கொலு மாதிரி அடுக்கி வச்சு துடைச்சிட்டு இருக்கேன். லீவுக்கு அக்கா பிள்ளைங்க வந்தா 'மாமா ஒரு தடவை எழுதிப் பாக்கட்டா'ன்னு கேக்குதுங்க, நான் 'அப்புறம் தரேன்'னு சமாளிச்சு அனுப்பிடறேன், எனக்கே அது நல்லா இல்ல. இங்க நாலஞ்சு பேனா பிரியர்கள் சேர்ந்து நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, அதான் ஃபவுண்டன் பென் டே, அன்னைக்கு சாயங்காலம் ஒருத்தர் வீட்டு மாடில கூடலாம்னு பேச்சு ஓடுது, அங்கயும் நான் மூடிய டப்பாவோட போய் உக்கார முடியாது.

அதனால கேக்கறேன். எந்தப் பேனாவை யார் கைல தைரியமா குடுக்கலாம், எதைக் குடுக்கவே கூடாது? 50 மில்லி பாட்டில்ல பாதிகூட நான் தீர்க்கப் போறதில்ல, அதைப் பங்கு போட்டுக் குடுக்கறது எப்படி? இன்னொண்ணு, ஸ்கூல்ல சொல்லுவாங்கல்ல, ஒருத்தர் எழுதின நிப்புல இன்னொருத்தர் எழுதினா நிப்பு கெட்டுடும்னு, அது நெசமா?

பாரிஸ்_கார்னர்:

தம்பி, கடைசிக் கேள்வில இருந்து வரேன். அது முழுப் பொய்யும் இல்ல, உங்க பேனாக்களுக்குப் பொருந்தவும் பொருந்தாது. நல்ல நிப்போட நுனில ஒரு சின்ன உருண்டை இருக்கும் பாத்திருப்பீங்க, அது நிப்போட தங்கமோ ஸ்டீலோ கிடையாது, ரொம்ப கடினமான வேற உலோகத்தைத் தனியா ஒட்ட வச்சது, இரிடியம்னு வழக்கத்துல சொல்றோம். அது தேய வருஷக்கணக்கா எழுதணும். யாரோ ஒருத்தர் நாலு வரி எழுதினதுல அது ஒரு பக்கமா தேஞ்சு போகாது. நாம ஸ்கூல்ல வச்சிருந்த மலிவு பேனால பாதிக்கு அந்த உருண்டையே இருக்காது, ஸ்டீல் தகட்டு நுனியையே மடிச்சு உருட்டி விட்டிருப்பான், அது சீக்கிரம் எழுதறவன் கைச் சாய்வுக்கு தேஞ்சிடும், அப்புறம் பக்கத்து பெஞ்சு பையன் வேற கோணத்துல பிடிச்சா பரபரன்னு கீறும். அந்தப் பேச்சு அங்கிருந்து வந்ததா தான் இருக்கணும்.

கெடறது தேய்மானத்துல இல்ல, அழுத்தத்துல. இந்தக் காலத்துப் பசங்க பால்பாயிண்ட்லயே வளர்ந்தவங்க, பேனாவை நெட்டுக்குத்தலா புடிச்சு அமுக்குவாங்க, நிப்பு ரெண்டு பக்கமும் விரிஞ்சா அதோட சரி, மை இறங்காது. அதனால தாத்தா பேனாவைப் பத்தி என் கருத்து கறாரா சொல்றேன், 51ஐ நீங்க பக்கத்துல உக்காந்து எழுத வைங்க, கைமாத்தா குடுக்காதீங்க. அந்த மாடல் 1941ல வந்தது, நிப்பு மொத்தமும் கூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கறதால புதுசா பிடிக்கறவனுக்கு எது மேல்பக்கம் எது கீழ்ப்பக்கம்னே தெரியாது, தலைகீழா புடிச்சு எழுதிட்டு 'எழுதவே மாட்டேங்குது'ன்னு அழுத்துவான். யாராவது ஆர்வக்கோளாறுல முன்பக்கக் கூட்டைத் திருகிக் கழட்டப் பாத்தா இன்னும் வம்பு, அது ஷெல்லாக்னு ஒரு அரக்கு போட்டு ஒட்டினது.

ஆனா ஹீரோ 616 தாராளமா குடுங்க. அது 51ஐப் பாத்து ஷாங்காய்க்காரன் பண்ணினது தான், ஒரு காலத்துல பர்மா பஜார்ல குவிச்சு வச்சு வித்தாங்க, கைல பிடிக்கற அனுபவம் ஏறத்தாழ அதே. ஒண்ணு போனாலும் மனசு வலிக்காது.

கோவை_டீச்சர்:

சார் சொன்ன அழுத்தம் விஷயம் நூத்துக்கு நூறு சரிங்க. நான் ஆறாம் வகுப்புப் பசங்களுக்கு கையெழுத்துப் பயிற்சிக்கு இங்க் பேனா குடுக்கறேன், அதுல பாத்ததைச் சொல்றேன்.

குழந்தைங்களுக்கு முதல்ல பிளாட்டினம் பிரெப்பி குடுங்க. விலை கம்மி, நிப் கெட்டா மொத்தமா மாத்தினாலும் பரவால்ல, மூடிக்குள்ள ஸ்பிரிங் வச்ச இன்னொரு உள்மூடி இருக்கறதால மாசக்கணக்கா தொடாம வெச்சிருந்தாலும் காயறதில்ல (கம்பெனிக்காரங்க ஒரு வருஷம்னு சொல்றாங்க). எங்க ஊரு வெயில்லயே தாங்குதுங்க, உங்க திருநெல்வேலி வெயிலுக்கு இது தான் வேணும். அதுக்கடுத்து உங்க சஃபாரி. அதோட கழுத்துல விரல் வைக்கற எடம் மூணு பட்டையா சீவின மாதிரி இருக்கும், விரல் தானா சரியான எடத்துல போய் உக்காந்துக்கும், நிப்பைத் திருப்பிப் பிடிக்க முடியாது. நிப் விரிஞ்சிட்டாலும் செல்லோடேப்பை நிப்பு மேல ஒட்டி நேரா இழுத்தா கழண்டு வந்துடும், புது நிப் தனியா விக்கறாங்க, சொருகிட்டா முடிஞ்சுது. இந்த ஒரு காரணத்துக்காகவே வீட்டுக்கு வர்றவங்க கைல குடுக்க அதை விட நல்ல பேனா எனக்குத் தெரியலைங்க.

'அழுத்தாதே அழுத்தாதே'ன்னு சொன்னா அதுங்க இன்னும் இறுக்கமா புடிக்கும். நான் என்ன பண்ணுவேன்னா, பேனாவை ரெண்டு விரல்ல லூசா புடிச்சு பேப்பர் மேல சும்மா வெச்சு இழுக்கச் சொல்லுவேன், கோடு விழும். பேனாவோட கனமே போதும்னு அதுங்களே கண்டுபிடிச்சுக்கும். அப்புறம் அவங்கவங்க பேரை எழுதச் சொல்லுங்க. 'ழ'வோ 'ணு'வோ வந்துச்சுன்னா சுழிச்சு திரும்பற எடத்துல மை கொஞ்சம் தேங்கி அடர்த்தியா தெரியும், பால்பாயிண்ட்ல அது வராது, அங்க தான் பசங்க கண்ணு விரியும்.

இடது கைக்காரப் பிள்ளை இருந்தா மை ஈரத்து மேலயே கை போகும், சீக்கிரம் காயற சாதா நீலம், நிப்பும் ஃபைன் (மெல்லிசு), அது போதும். வாஷபிள் ப்ளூ வாங்கிக்கோங்க, யூனிஃபார்ம் பஞ்சாயத்து குறையும். பேப்பரை மறந்துடாதீங்க, சாதா ரஃப் நோட்டுல மை படர்ந்து அந்தப் பக்கம் தெரிஞ்சா பிள்ளைங்க பேனாவைத் தான் குறை சொல்லும். 90, 100 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனம்) பாண்ட் பேப்பர் ஒரு கட்டு வாங்கி வைங்க.

மலைக்கோட்டை_மைக்கூடு:

இங்க் பங்கு மேட்டருக்கு நான் வரேன் ப்ரோ, நம்ம டிபார்ட்மெண்ட்.

பேனாக்குள்ள இங்க் உறிஞ்சி வைக்கற குழாய், அதான் கன்வெர்ட்டர், சாதாரணமா அதுல முக்கால் மில்லி, மிஞ்சிப் போனா ஒரு மில்லி பிடிக்கும். அப்படின்னா ஒரு 50 மில்லி பாட்டில்ல அம்பது அறுபது தடவை ரொப்பலாம், அதை ஒரு ஆளு ஒரே கலர்ல எழுதித் தீர்க்கறதுக்குள்ள வாழ்க்கையே வெறுத்துடும். அதனால 5 மில்லி 5 மில்லியா பிரிச்சுக் குடுக்கறது தான் இந்த ஹாபியோட பாதி சந்தோஷம். இதுக்குன்னு ஃபாரின் சாம்பிள் குப்பி எல்லாம் தேட வேணாம், ஹோமியோபதி மருந்து குடுப்பாங்கல்ல அந்த சின்ன கண்ணாடி பாட்டில், காலி பாட்டிலா மருந்து பாட்டில் விக்கற கடைல டஜன் கணக்குல கிடைக்கும். ஆனா புதுசா வாங்குங்க, மருந்து இருந்ததைக் கழுவி யூஸ் பண்ணாதீங்க. மெடிக்கல்ல சிரிஞ்ச் வாங்கி ஊசி முனையை மழுக்கிட்டு ஒவ்வொரு இங்க்குக்கும் ஒண்ணு வச்சுக்கோங்க, இல்லன்னா நடுவுல நல்லா கழுவுங்க.

பேனால இருந்து மிச்சத்தை எக்காரணம் கொண்டும் பாட்டில்லயே திருப்பி ஊத்தக் கூடாது, யார் யாரோ தொட்ட நிப்பை பாட்டில்ல முக்கவும் விடக் கூடாது. நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு பூஞ்சை பிடிச்சா இங்க் மேல வழுவழுன்னு ஏடு மாதிரி மிதக்கும், ஒரு வாடை அடிக்கும், அந்த பாட்டிலையும் தூக்கிப் போடணும், அதுல ரொப்பின பேனா ஒவ்வொண்ணையும் கழுவிட்டு உக்காரணும். மீட்டிங்ல பாட்டில் வெக்காதீங்க, சின்னக் குப்பி மட்டும் போதும். ரெண்டு கம்பெனி இங்க்கை கலக்கறதும் வேணாம், சிலது சேர்ந்தா திரிஞ்சு கசடு தட்டும், குறிப்பா அயர்ன் கால் இங்க். அது அமிலத்தன்மை உள்ளது, நம்ம ஊர்ல கடுக்காயும் அன்னபேதியும் போட்டு கருப்பு மை காய்ச்சுவாங்கல்ல, அதே ரசாயனம் தான், எழுதும்போது வெளிறி இருந்து காத்துப் பட்டு கருப்பாகும். கடைல பேனாவுக்குன்னு விக்கற அயர்ன் கால் ஓகே, வீட்டுல காய்ச்சினதை பேனால ஊத்தற வீர விளையாட்டு வேணாம். டிராயிங்குக்கு விக்கற இண்டியன் இங்க்கும் ஊத்தாதீங்க, அதுல ஷெல்லாக் இருக்கும், காஞ்சா நிப்புக்கு இங்க் கொண்டு வர்ற ஃபீடையே அடைச்சிடும்.

என்ன கலர் பங்கு போடலாம்னா, முதல்ல கூட்டத்தை மயக்கறது ஷிம்மர், அதாவது மினுங்கற இங்க் தான். ஜே.ஹெர்பின் எமரால்ட் ஆஃப் சிவோர் ஒரு பாட்டில் போதும், பச்சை நீலத்துல தங்கத்தூள் மின்ன ஆரம்பிச்சா யாரும் பேச மாட்டாங்க. குலுக்கிட்டு ரொப்பணும், அகலமான நிப்பா இருக்கணும், அன்னைக்கே கழுவிடணும். அது முடிஞ்சதும் நம்ம ஊரு சரக்கைக் காட்டுங்க. கேரளா கிருஷ்ணா இங்க் இருக்கு. கல்கத்தா சுலேகா 1934ல சுதேசி இயக்கத்தோட சூட்டுல ஆரம்பிச்ச கம்பெனி, நடுவுல மூடிக் கிடந்து 2020ல மறுபடி பேனா இங்க் கொண்டு வந்தாங்க, அதோட ராயல் ப்ளூவும் ஒரு பாரின் ராயல் ப்ளூவும் பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுங்க, விலையைச் சொல்லாம எது பிடிச்சிருக்குன்னு கேளுங்க. நல்லா பொழுது போகும்.

யாழ்_பேனை:

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இஞ்ச பக்கத்தில ஒண்டுகூட ஆள் இல்லாத எங்களுக்கும் ஒரு வழி இருக்கு, அதையும் சொல்லுறன். நானும் கனடாவில இருக்கிற மச்சாளும் கடிதம் எழுதுறனாங்கள். ஒவ்வொரு பந்திக்கும் ஒவ்வொரு பேனை, ஒவ்வொரு மை. கடைசியில கீழ சின்னனா எந்தப் பேனை, எந்த நிப், எந்த மை எண்டு எழுதி விடுவம். பேனையை அனுப்பாமலே அவவுக்கு என்ர பேனை எல்லாம் பழக்கம், என்னட்ட இல்லாத மையளை நானும் அவவின்ர எழுத்தில தான் பாக்கிறன். கண்ணுக்கு முன்னால எழுதிக் காட்டுறது ஒரு மாதிரி, இது வேற மாதிரி, ஈரம் காஞ்சாப் பிறகு தான் சில மையின்ர உண்மையான நிறம் தெரியும்.

உறையில விலாசத்தை மட்டும் பால்பாயிண்டாலயோ நீர் படாத மையாலயோ எழுதுங்கோ. மாரி மழைக்கு றோயல் புளூ விலாசம் கரைஞ்சு போய் தபால்காரர் பாவம்.

பாளை_நீலமை:

அடேங்கப்பா, ஒரு நாள்ல இவ்வளவா. ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடித ஐடியா அருமைம்மா, அதை இந்த வாரமே ஆரம்பிக்கேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். ரங்கா மூணுமே ஐ-ட்ராப்பர், அதாவது கன்வெர்ட்டர் கிடையாது, ஃபில்லரால நேரா குடுவைக்குள்ளயே இங்க் ஊத்தறது. அதை மாடிக் கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போனா கக்கிடுமோன்னு பயமா இருக்கு. ஆனா எபோனைட்டை ஒருத்தர் கைல பிடிச்சுப் பாக்காம அது என்னன்னு வாயால விளக்க முடியாதே. பிளாஸ்டிக் மாதிரி வழுக்காது, மெட்டல் மாதிரி சில்லுன்னும் இருக்காது.

பாரிஸ்_கார்னர்:

கக்கறதுக்கு காரணம் காத்து தம்பி. குடுவைல இங்க் குறைஞ்சா அந்த எடத்துல காத்து நிறையும், கைச்சூட்டுல அந்தக் காத்து விரிஞ்சு இங்க்கை வெளிய தள்ளும், நிப்புல சொட்டா நிக்கும். அதனால முழுசா ரொப்பி எடுத்துட்டுப் போங்க, இல்ல சுத்தமா காலி பண்ணி எடுத்துட்டுப் போங்க, அரைகுறையா வேணாம். சட்டைப் பைல நிப்பு மேல பாத்து நிக்கணும். மரை சுத்தற எடத்துல சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்க. மாடில வெயில் விழற மேஜைல எபோனைட்டை வரிசையா அடுக்கி வெக்காதீங்க, அது ரப்பரும் கந்தகமும் சேர்ந்த சரக்கு, வெயில் தொடர்ந்து பட்டா கருப்பு வெளுத்து பழுப்பு தட்டும், கழுவும்போதும் வெந்நீர் ஆகாது.

ரத்னத்தைக் காட்டும்போது அந்த 1935 காந்தி கடிதக் கதையையும் சொல்லுங்க. வெளிநாட்டுப் பேனாவுக்கு நல்ல மாத்து இதுன்னு அவரே நன்றி சொல்லி எழுதினாரே. பேனாவை விட கதைக்குக் கூட்டம் சேரும்.

ஆனா டீச்சரம்மா, ஐ-ட்ராப்பரை பசங்க கைல குடுக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.

கோவை_டீச்சர்:

நான் சொல்லத்தான் போறேனுங்க சார். நீங்களும் நானும் ஆறாவதுல எதுல எழுதினோம்? பெஞ்சு மேல ஒரு சொட்டு மை கடன் வாங்கி நிப்பால உறிஞ்சவங்க தானே நாமெல்லாம். நியூஸ் பேப்பர் ஒண்ணை விரிச்சுட்டு, ஒரு பழைய துணி பக்கத்துல வெச்சா ஆச்சு. தாத்தா பேனாவை வேணா பூட்டி வைங்க, ரங்காவைக் குடுங்க.

பாரிஸ்_கார்னர்:

தோத்தேன். துணி ரெண்டா வைங்க.

முத்துநகர்_மை:

அண்ணாச்சி நான் தூத்துக்குடி, பக்கத்துல தான், நவம்பர் கூட்டத்துக்கு நானும் வரலாமா? பிரெப்பி ரெண்டு கொண்டு வாரேன், ஹோமியோபதி பாட்டிலும் நான் வாங்கிட்டு வந்துருதேன். பச்சை இங்க் மட்டும் யாரும் சுமந்துட்டு வராதீங்க. எங்கப்பா கெஜட்டட் ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஊரு ஜனத்துக்கெல்லாம் அட்டெஸ்டேஷன் போட வாங்கின பச்சை இங்க் பாட்டில் இன்னும் உடைக்காம அலமாரில நிக்கி, அதுல எத்தனை பேருக்கு வேணும்னாலும் ஊத்தித் தாரேன்.