பழனி, பூம்பாறை பயணம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அன்பர்களே, வணக்கம். எங்கள் குருநாதரோடு பதினெட்டுப் பேர் தை முடிந்ததும் பழனிக்குக் கிளம்புகிறோம். தைப்பூசக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் பிடிவாதம். அடிவாரத்தில் திருஆவினன்குடி, அப்புறம் மலைக்கோயில், மறுநாள் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர், கடைசியாகப் பூம்பாறை குழந்தை வேலப்பர். பழனி மூலவரைப் போலவே வேலப்பர் சிலையும் போகர் சித்தர் செய்தது என்பார்கள். அதனால் குருநாதருக்கு இதில்தான் ஆர்வம் அதிகம்.

சிக்கல் முழங்கால்தான். எழுபதைத் தாண்டியவர், ஆனாலும் "விஞ்ச் (மலைமேல் இழுத்துப்போகும் ரயில் பெட்டி) வேண்டாம், நடந்தே வருகிறேன்" என்கிறார். 693 படி அவருக்கு ஆகாது. யானைப் பாதையில் மெதுவாக ஏற்றிவிடலாமா? வழியில் உட்கார நிழல் இருக்கிறதா? ரோப்கார் இப்போது ஓடுகிறதா, பராமரிப்பில் நிற்கிறதா? மேலே போகர் சன்னதிப் பக்கம் அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்கவிடுவார்களா? செல்போனை உள்ளே விடமாட்டார்கள் என்பது தெரியும். பதினெட்டு போனையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா, ஆளுக்கொரு டோக்கனா?

கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்துக்கொள்கிறோம். பூம்பாறை ரோட்டில் டெம்போ டிராவலர் கோயில் வரை போகுமா, ஊர் முகப்பிலேயே இறங்கி நடக்க வேண்டுமா? வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்துத் தருகிற இடம் கொடைக்கானலில் இருந்தால் சொல்லுங்கள். பூம்பாறையே பூண்டுக்குப் பேர்போன ஊர், அங்கே போய் இதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சமீபத்தில் போய் வந்தவர்கள் சொன்னால் நல்லது. இந்த வாரத்துக்குள் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும்.