குண்டான உடம்பில் சிறுநீரகக் கல்: ஷாக்கா, லேசரா, துளையா?

சிறுநீரியல் மருத்துவர்:
எடையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சி.டி.யைப் பாருங்கள். 110 கிலோ உள்ள இருவரில் ஒருவருக்குக் கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள் இருக்கும். மற்றவருக்கு முதுகுத் தோலுக்கடியில் மெத்தை போலச் சேர்ந்திருக்கும். கல்லிலிருந்து தோல் வரை 0, 45, 90 டிகிரியில் மூன்று கோடு போட்டுச் சராசரி எடுங்கள். 10 செ.மீ.யைத் தாண்டினால் ஷாக் வேவுக்கு (வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைக்கும் முறை) கல் உடையும் வாய்ப்பு குறையத் தொடங்கும். கல்லும் 1000 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சி.டி.யில் அடர்த்தியைச் சொல்லும் அலகு) மேல் கெட்டி என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். மிஷினின் குவிமைய ஆழத்துக்கும் (அலைகள் ஒன்றுகூடும் இடம் எவ்வளவு ஆழத்தில் என்பது) மேசை தாங்கும் எடைக்கும் எல்லை உண்டு, முன்பே விசாரியுங்கள். ‘கத்தியே வேண்டாம்’ என்று மூன்று முறை ஷாக் கொடுத்துவிட்டுக் கடைசியில் லேசருக்கு வந்தால் யாருக்கு லாபம்?

லேசர் பக்கம் நிற்பவர்:
கல் 2 செ.மீ.க்குள் இருந்தால் ஆர்.ஐ.ஆர்.எஸ். (வளையும் ஸ்கோப்பைச் சிறுநீரகம் வரை ஏற்றி லேசரால் கல்லை உடைப்பது) தான் என் முதல் தேர்வு. ஸ்கோப் சிறுநீர்ப் பாதை வழியே ஏறுகிறது. முதுகில் எத்தனை செ.மீ. கொழுப்பு இருந்தால் அதற்கென்ன? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் இதுவே பாதுகாப்பு. ஸ்கோப் போய்வர வழியாக வைக்கும் உறைக்குழாயான ஷீத் பெண்களுக்கு 35, ஆண்களுக்கு 45 செ.மீ. ஏறவில்லை என்றால் முட்டித் தள்ளாதீர்கள், சிறுநீர்க்குழாய் கிழியும். சிறுநீர்க்குழாய்க்குள் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து இரண்டு வாரம் விட்டால் குழாய் தளர்ந்து வழிவிடும். சிறுநீரகத்தின் கீழ் முனைக் கல்லைக் கூடையில் பிடித்து மேலே கொண்டுபோய் உடைப்பது நல்லது. லேசர் ஃபைபரை ஸ்கோப் நேராக இருக்கும்போதே நுழைத்துவிடுங்கள். வளைத்தபின் நுழைத்தால் உள்சுவரைக் குத்தி ஸ்கோப்பையே கெடுக்கும். யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி வந்தால் அதைக் குணமாக்காமல் தொடவே கூடாது: தண்ணீரின் அழுத்தம் கிருமியை ரத்தத்துக்குள் தள்ளிவிடும்.

பி.சி.என்.எல். (முதுகில் துளையிட்டுக் கல்லை எடுப்பது) செய்பவர்:
2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கும், கிளைவிட்ட கல்லுக்கும் முதுகில் துளைதான். குண்டானவருக்கு இது ஆகாது என்பது பழங்கதை. தடுமாற்றம் கருவியின் நீளத்தில்தான். வழக்கமான 17 செ.மீ. ஷீத் கொழுப்புக்குள் முழுகிக் காணாமல் போகும். 20 செ.மீ.க்கு மேலான ஷீத், அதற்கேற்ற நீள நெஃப்ரோஸ்கோப் (துளை வழியே சிறுநீரகத்துக்குள் பார்க்கும் கருவி) இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஷீத்தின் வெளி விளிம்பில் தடித்த பட்டு நூல் கட்டிவையுங்கள், உள்ளே நழுவினால் இழுத்துக்கொள்ளலாம். இன்னொரு தொல்லை: குப்புறக் கிடந்தவரைத் திருப்பும்போது கொழுப்பு இடம்மாறி, தோலில் தைத்த வடிகுழாய் சிறுநீரகத்தை விட்டு வெளியே வந்துவிடும். பலூன் உள்ள குழாய் போட்டு, வெளியே கொஞ்சம் தளர்வு விட்டுத் தையுங்கள்.

மயக்க மருத்துவர்:
குப்புறப் படுக்க வைத்தால் வயிறு தொங்கும்படி மார்புக்கும் இடுப்புக்கும் திண்டு கொடுங்கள். வயிறு அமுங்கினால் மூச்சும் ஏறாது, பெரிய ரத்தநாளமும் நசுங்கும். மல்லாந்த நிலையிலேயே செய்தால் திருப்பவே வேண்டாம், மூச்சுக்குழாயும் என் கைக்கெட்டும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழாயில் குழாய் போடும்போது காதும் மார்பெலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்தில் வரும்படி தோளுக்கடியில் துணி அடுக்க வேண்டும். 120 கிலோவைத் தாண்டினால் தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் செஃபாசோலின் 2 அல்ல, 3 கிராம். காலில் ரத்தம் கட்டாமலிருக்க அழுத்தப் பட்டை தியேட்டரிலேயே போட்டுவிடுங்கள்.

மீண்டும் சிறுநீரியல் மருத்துவர்:
ஒன்று விட்டுப்போயிற்று. குண்டானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை இருந்தால், சிறுநீரில் அமிலத்தன்மை கூடி யூரிக் அமிலக் கல் வருவது அதிகம். சிறுநீரின் பி.எச். (அமில அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழ், சி.டி.யில் அடர்த்தி 500 ஹவுன்ஸ்ஃபீல்டுக்குள், எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்றால், அடைப்பும் காய்ச்சலும் இல்லாத பட்சத்தில், முதலில் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து பி.எச்.சை 6.5 முதல் 7 வரை நிறுத்திப் பாருங்கள், கல் கரைந்துவிடலாம். 7ஐத் தாண்டவிட்டால் பாஸ்பேட் படியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்காமல் இதை ஆரம்பிக்காதீர்கள்.